கிச்சன் எறும்பு, மாடித்தோட்ட எறும்பு ரெண்டுக்கும் ஸ்ப்ரே ஏன் வேலைக்கு ஆகாது, எது ஆகும்

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: வாடகை வீடு, கிச்சன் மேடைல சின்ன சின்ன பழுப்பு எறும்பு வரிசையா வருது, ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு நாள் காணோம், அப்புறம் வேற மூலைல இருந்து வருது, வீட்ல தவழுற குழந்தை இருக்கு, மாடில செம்பருத்தியும் கத்தரியும் தொட்டியில இருக்கு அதுலயும் எறும்பு ஏறுது, செடி சுருண்டுகிட்டே போகுது, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கான்னு. ஒரே மருந்து கிடையாதுங்க. வீட்டுக்குள்ள வர்றதுக்கு ஒரு வழி, தோட்டத்துக்கு முழுக்க வேற வழி. ஆனா ரெண்டுக்கும் முதல் வேலை ஒண்ணுதான், கண்ணுல படுற எறும்பைக் கொல்றதை நிறுத்தணும்.

ஏன்னு சொல்றேன். மேடைல ஓடுறது எல்லாமே வேலைக்கார எறும்பு, அதுவும் புத்துல இருக்கிற மொத்த கூட்டத்துல ஒரு சின்ன பங்குதான் வெளிய இரை தேடி வரும். ராணியும் புழுவும் முட்டையும் மிச்ச வேலைக்காரங்களும் சுவத்துக்குள்ள, டைல்ஸ் இடுக்குல, கதவு நிலைக்குப் பின்னாடி, சுவிட்ச் போர்டு பெட்டிக்குள்ள எங்கயாவது பத்திரமா இருக்கும். நீங்க நூறு எறும்பை அடிச்சா ராணிக்கு அதுல ஒரு நஷ்டமும் இல்லை, முட்டை போட்டுகிட்டேதான் இருக்கும். எறும்பு ராணியோட ஆயுசு சாதாரணம் இல்லைங்க, ஐரோப்பாவுல இருக்கிற ஒரு கருப்பு தோட்ட எறும்போட ராணி லேப்ல 28 வருஷத்துக்கு மேல உயிரோட இருந்ததா பதிவு இருக்கு. அதனால "தானா போயிடும்"னு காத்திருக்கிறதும் பிரயோஜனம் இல்லை.

இதுல இன்னும் மோசம் என்னன்னா, நீங்க சொல்ற அந்த மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், ரெண்டு மில்லிமீட்டர் நீளம், அது அனேகமா ஃபாரோ எறும்பு. இந்த வகைல ஒரு கூட்டத்துக்கு ஒரு ராணி கிடையாது, பல ராணி இருக்கும். ஸ்ப்ரே மாதிரி விஷ வாசனை பட்டதும் கூட்டம் பிரிஞ்சு ஆளுக்கு ஒரு ராணியையும் கொஞ்சம் புழுவையும் தூக்கிகிட்டு தனித்தனியா குடியேறிடும். சிங்க் கீழ ஒரு கூட்டம் இருந்தது இப்ப சிங்க் கீழ, ஜன்னல்ல, பெட்ரூம் பீரோ பின்னாடின்னு மூணு கூட்டம் ஆயிடும். ரெண்டு நாள் கழிச்சு வேற மூலைல இருந்து வருதுன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அது இதுதான்.

சரி, எது எந்த எறும்புன்னு தெரிஞ்சுக்கறது அவசியம், ஏன்னா மருந்து கலந்து வைக்கிற இரை அதைப் பொறுத்து மாறும். நம்ம ஊர் வீடுகள்ல வழக்கமா பார்க்கிறது ஒரு நாலஞ்சு வகைதான். மேல சொன்ன ஃபாரோ எறும்பு ஒண்ணு. அதைவிட பொடிசா, தலைப்பக்கம் கருப்பா, வயிறும் காலும் வெளிறி, டைல்ஸ் மேல ஓடினா பாதி கண்ணுக்கே தெரியாம ஒரு எறும்பு இருக்கும், விரலால நசுக்கி மோந்து பார்த்தீங்கன்னா கெட்டுப்போன தேங்காய் வாசனை அடிக்கும். சர்க்கரை டப்பாவுல இருக்கிறது பெரும்பாலும் அதுதான். மூணாவது, கருப்பா நீளக் காலோட, வரிசைல ஒழுங்கா போகாம இங்கயும் அங்கயும் தறிகெட்டு ஓடுற கருப்பு எறும்பு, இந்த மாதிரி கடிக்காத கருப்பு எறும்பைத்தான் பல வீட்ல பிள்ளையார் எறும்புன்னு சொல்வாங்க. நாலாவது, கடிக்கிற செவ்வெறும்பு, ஒரே வரிசைல சின்னதும் இருக்கும், தலை பெருத்த பெருசும் இருக்கும், கால் வெச்சா சுருக்குன்னு எரியும். அஞ்சாவது கட்டெறும்பு, அது வெளில மரத்தடில இருக்கிற ஆளு, வீட்டுக்குள்ள ராத்திரில வழி தவறி வர்றதுதான் அதிகம். அதுக்காக மருந்து எல்லாம் வேண்டாம், எடுத்து வெளிய விட்டுடுங்க.

இதுல முதல் மூணு வகைக்கும் இனிப்பு பிடிக்கும். செவ்வெறும்புக்கு எண்ணெய், கறி, கருவாடு, விதை இதெல்லாம்தான் முதல்ல. சந்தேகமா இருந்தா ஒரு அட்டைத் துண்டுல ஒரு பக்கம் சர்க்கரைத் தண்ணி ஒரு சொட்டு, இன்னொரு பக்கம் நல்லெண்ணெய்ல குழைச்ச பொட்டுக்கடலை மாவு கொஞ்சம் வெச்சு எறும்பு போற வழில வைங்க, அரை மணி நேரத்துல எதுல மொய்க்குதுன்னு தெரிஞ்சுடும். ஃபாரோ எறும்பு ரெண்டையும் சாப்பிடும், அதனால அதுக்கு ரெண்டு விதமாவும் வைக்கிறது நல்லது.

இப்ப மருந்து. போரிக் ஆசிட் பவுடர், மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும். கேரம் போர்டுக்குப் போடுற பவுடர்லயும் போரிக் வரும், ஆனா சில பாக்கெட்ல வெறும் மாவோ டால்கோதான் இருக்கு, அதனால லேபிள்ல போரிக்னு எழுதியிருந்தா மட்டும் வாங்குங்க. 100 மில்லி வெந்நீர், 10 கிராம் சர்க்கரை (ரெண்டு டீஸ்பூன் தாராளமா), 1 கிராம் போரிக் (தலை தட்டின கால் டீஸ்பூன்), நல்லா கரையிற வரைக்கும் கலக்குங்க. அவ்வளவுதான். இதுல எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, கொஞ்சமா போட்டா எப்படி சாகும்னு ரெண்டு ஸ்பூன் போரிக்கை அள்ளிக் கொட்டிடறது. அப்படிப் பண்ணினா எறும்பு ஒண்ணு கிட்டயே வராது, இல்லைன்னா குடிச்ச இடத்துலயே செத்துடும், ரெண்டுலயும் ராணிக்கு ஒண்ணும் ஆகாது. நமக்கு வேண்டியது அது உயிரோட வீட்டுக்குப் போகணும். எறும்பு குடிச்சதை வயித்துல தனியா ஒரு பைல சேமிச்சு வெச்சுகிட்டுப் போய் மத்த எறும்புக்கும் புழுவுக்கும் ராணிக்கும் வாயோட வாய் வெச்சு ஊட்டும். ஒரு சதவீதம் போரிக்னா அது சாக சில நாள் ஆகும், அதுக்குள்ள அந்த ஊட்டல் பல கை மாறிப் போயிருக்கும். ஸ்ப்ரேயால எட்ட முடியாத இடத்துக்கு எறும்பே மருந்தை எடுத்துட்டுப் போகுது.

எப்படி வைக்கிறதுன்னா, பாட்டில் மூடில கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையிற அளவு கரைசல், எறும்பு வர்ற வழிலயே ஒரு ஓரமா. உங்க வீட்ல தவழுற குழந்தை இருக்கிறதால திறந்த மூடில வைக்கவே வைக்காதீங்க. சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு எடுத்து பஞ்சை உள்ள போட்டு மூடி டேப் ஒட்டி, பக்கவாட்டுல சூடான ஊசியால நாலஞ்சு ஓட்டை போட்டு, மேடைக்கு மேல, ஃபிரிட்ஜ் பின்னாடி, குழந்தை கை எட்டாத இடத்துல வைங்க. போரிக் ஆசிட் மஞ்சள் பொடி மாதிரி சமையல் பொருள் கிடையாது, குழந்தை வாயில போட்டா ஆபத்து. மிச்ச கரைசலை ஜூஸ் பாட்டில்லயோ தண்ணி பாட்டில்லயோ ஊத்தி வைக்காதீங்க, பேர் எழுதி உயரத்துல வைங்க. பருப்பு, அரிசில வண்டு வரக்கூடாதுன்னு போரிக் கலந்து வைக்கிற பழக்கம் சில வீட்ல இன்னும் இருக்கு, தயவு செஞ்சு அதை விட்டுடுங்க.

வெச்ச முதல் நாள் பயந்துடாதீங்க. இதுவரைக்கும் இருபது எறும்பு வந்த இடத்துல நூறு இருநூறு வந்து மொய்க்கும். நல்ல இரை கிடைச்ச எறும்பு திரும்பிப் போறப்ப வழி நெடுக வாசனைக் கோடு போட்டுகிட்டே போகும், அதைப் பிடிச்சுகிட்டு மத்ததெல்லாம் வருது. அந்த நேரத்துல மாமியாரோ வேலைக்கு வர்ற அக்காவோ அய்யய்யோன்னு துணியால துடைச்சுட்டாங்கன்னா, ஃபினாயில் ஊத்திட்டாங்கன்னா எல்லாம் போச்சு, மொதல்லேந்து ஆரம்பிக்கணும். அதனால வீட்ல எல்லாருகிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை பஞ்சை மாத்துங்க, காய்ஞ்சு போச்சுன்னா மருந்து கெட்டியாகி எறும்பு ஒதுங்கிடும். சாதாரண எறும்புக்கு ஒரு வாரம் பத்து நாள்ல கூட்டம் நல்லா குறையும், ஃபாரோ எறும்புக்கு பல வாரம் பொறுமையா வைக்கணும், நடுவுல நாலு நாள் ஒண்ணுமே வரலைன்னு எடுத்துடாதீங்க.

செவ்வெறும்பு இந்த சர்க்கரைத் தண்ணியை அவ்வளவா சீண்டாது. வீட்டுக்குள்ள அது வர்றது பெரும்பாலும் வெளில வாசப்படி பக்கத்து மண்ணுல இருக்கிற புத்துல இருந்துதான், அதனால அந்தப் புத்தைக் கண்டுபிடிச்சு பத்து லிட்டர் கொதிக்கிற தண்ணியை மெதுவா ஊத்துறது நேரடியான வழி. ஒரு தடவைல போகும்னு சொல்ல மாட்டேன், ஆழத்துல ராணி தப்பிச்சா திரும்ப மண் தள்ளும், அப்ப மறுபடி ஊத்தணும். செடி வேர் பக்கத்துல இதைப் பண்ணாதீங்க, வேரும் சேர்ந்து வெந்துடும்.

இனி, எல்லாரும் சொல்ற மத்த வைத்தியம். ரவை போட்டா எறும்பு தின்னு வயிறு ஊதி வெடிச்சு செத்துடும்னு ஒண்ணு சுத்துது, அதை நம்பாதீங்க. வளர்ந்த எறும்பால கெட்டியான பொருளை முழுங்கவே முடியாது, வாய்க்குள்ளயே துகளை எல்லாம் தடுத்து நிறுத்துற ஒரு பை இருக்கு, திரவம் மட்டும்தான் உள்ள போகும். ரவையைத் தூக்கிட்டுப் போகும், அது புழுவுக்கு. நீங்க சோறு போட்டிருக்கீங்க, அவ்வளவுதான். மஞ்சள் தூள், பெருங்காயம், கிராம்பு இதெல்லாம் கொல்லாது, வாசனைக் கோட்டைக் குழப்பி கொஞ்ச நேரம் வழி மாத்தும். விருந்தாளி வர்ற அன்னைக்கு மேடை சுத்தமா இருக்கணும்னா வினிகர் கலந்த தண்ணியோ சோப்புத் தண்ணியோ போட்டு வரிசையைத் துடைச்சாலே போதும், கோடு அழிஞ்சுடும். ஆனா இரை வெச்சிருக்கிற நாள்ல இது எதையும் பண்ணக்கூடாது.

சாக்பீஸ் விஷயத்துல கொஞ்சம் கடுமையாவே சொல்றேன். எறும்பு சாக்பீஸ்னு விக்கிறது பைரித்ராய்டு வகை பூச்சிக்கொல்லி. பார்க்க பள்ளிக்கூட சாக்பீஸ் மாதிரியே இருக்கும், தவழுற குழந்தை அந்தக் கோட்டு மேல கை வெச்சு வாயில வைக்கும். உங்க வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். அதைவிட ஆபத்து, ஊர்ப்பக்கம் பழைய கடைல காகிதத்துல மடிச்சுக் குடுக்கிற எறும்புப் பொடி. அந்தக் காலத்துல கமாக்சின்னு சொன்னது பிஎச்சி, இந்தியாவுல 1997லயே தடை பண்ணிட்டாங்க, அதோட தம்பி லிண்டேனை 2013 மார்ச்சுக்கு அப்புறம் பயன்படுத்தவே கூடாது. மெத்தில் பாரத்தியான் பொடிக்கு 2018ல தடை வந்துச்சு. பேர், கம்பெனி, எந்த மருந்துன்னு ஒண்ணும் எழுதாத பொடியை யாரு குடுத்தாலும் வாங்காதீங்க, வீட்ல பழசு கிடந்தா அரிசி டப்பா பக்கத்துல இல்லாம பார்த்துக்கங்க.

சர்க்கரை, வெல்லம், ஊறுகாய் ஜாடிக்கு பாட்டி காலத்து தண்ணித் தட்டு இன்னைக்கும் நல்ல முறைதான். ரெண்டு விஷயம் மட்டும். வெறும் தண்ணி மேல தூசி படிஞ்சா பொடி எறும்பு அது மேலயே நடந்து போயிடும், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டா மிதக்க முடியாது. இன்னொண்ணு, அந்தத் தண்ணியை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்திடணும், தேங்கின நல்ல தண்ணிலதான் டெங்கு கொசு முட்டை வைக்கும். ராத்திரி மேடையைத் துடைச்சு, குப்பைக் கூடையை மூடி, எறும்பு எந்த ஓட்டைல இருந்து வருதுன்னு பார்த்து, கூட்டம் குறைஞ்சதுக்கு அப்புறம் வெள்ளை சிமெண்ட் வெச்சு அடைச்சுடுங்க. இது வீட்டு ஓனரைக் கேக்காமலே பண்ணலாம், செலவும் கம்மி. ஐப்பசி மழைக்கு முன்னாடி இதை முடிச்சுட்டா ரொம்ப நல்லது, மண்ணு நனைஞ்சா வெளிப் புத்து எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிகிட்டு மேட்டுக்கு, அதாவது உங்க வீட்டுக்குத்தான் வரும்.

இப்ப மாடி. இங்க நான் சொல்ல வந்ததே இதுதான்னு வெச்சுக்கங்க. உங்க செம்பருத்தியும் கத்தரியும் சுருள்றதுக்கு எறும்பு காரணம் இல்லை, எறும்பு யாருக்குக் காவல் நிக்குதோ அதுதான் காரணம். கொழுந்து இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, கணுவுல பாருங்க, வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தா மாவுப்பூச்சி, பச்சையாவோ கருப்பாவோ பொடிப்பொடியா மொய்ச்சிருந்தா அசுவினி, தண்டுல பழுப்பு செதில் மாதிரி ஒட்டியிருந்தா செதில் பூச்சி. இதெல்லாம் செடிச் சாறை உறிஞ்சி மிச்சத்தை இனிப்பான பிசுபிசுப்பா வெளிய விடும். எறும்பு வர்றது அந்த இனிப்புக்கு. மாடு மேய்க்கிற ஆளு மந்தையைக் காக்கிற மாதிரி இந்தப் பூச்சியை எறும்பு காக்கும், அதைத் திங்க வர்ற பொறிவண்டை விரட்டும், ஒட்டுண்ணிக் குளவியை (பூச்சி உடம்புல முட்டை வெச்சு அதைக் கொல்ற பொடிக் குளவி) முட்டை வைக்க விடாது. அந்தப் பிசுபிசுப்பு இலைல படிஞ்சு கரும்பூஞ்சை புடிச்சு இலை கரி பூசின மாதிரி ஆகும்.

பூச்சியை விட்டுட்டு எறும்பை மட்டும் அடிச்சா நாளைக்கு வேற எறும்பு வரும், இனிப்பு அங்கயேதான இருக்கு. பூச்சியை மட்டும் அடிச்சா பொறிவண்டும் குளவியும் சேர்ந்து சாகும், எறும்பு பூச்சிக்குக் காவலை மறுபடி போட்டுடும். ரெண்டையும் பிரிக்கணும். முதல்ல ரொம்ப மோசமா இருக்கிற கிளையை வெட்டி பைல கட்டி அப்புறப்படுத்துங்க. குழாய்ல தண்ணியை வேகமா பீய்ச்சி இலைக்கு அடில அடிங்க, பாதிப் பூச்சி அதுலயே போயிடும். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கொஞ்சம் சோப்பு, நல்லா குலுக்கி சாயங்காலமா தெளிங்க, வாரம் ஒரு தடவை மூணு வாரம். மீன் எண்ணெய் சோப் கிடைச்சா லிட்டருக்கு 25 கிராம், மாவுப்பூச்சி மேல இருக்கிற மெழுகைக் கரைக்கும். எறும்பு ஏறாம இருக்க தண்டைச் சுத்தி ஒரு துணிப் பட்டையோ டேப்போ கட்டி அது மேல கிரீஸ் தடவுங்க, நேரா தண்டுல தடவாதீங்க. செடி சுவத்தையோ கொடிக் கயிறையோ பக்கத்துச் செடியையோ தொட்டுகிட்டிருந்தா கிரீஸ் தடவியும் பிரயோஜனம் இல்லை, எறும்பு அந்தப் பாலத்துல வந்துடும்.

ஒரு எச்சரிக்கை, வெள்ளையா மெழுகு முடியோட மாவுப்பூச்சி மாதிரியே, ஆனா கொஞ்சம் பெருசா சுறுசுறுப்பா நகர்ற ஒண்ணைப் பார்த்தா நசுக்கிடாதீங்க. அது கிரிப்டோலீமஸ் பொறிவண்டோட புழு, மாவுப்பூச்சியைத் திங்கவே வந்தது.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு எதையும் விடலை, மருந்து அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போனாங்க. 2010ல போர்ட்டோ ரிக்கோல இருந்து அசெரோஃபேகஸ் பப்பாயேன்னு ஒரு பொடிக் குளவியைக் கொண்டு வந்து வளர்த்து விட்டாங்க, அதுக்கப்புறம்தான் அடங்குச்சு. இந்தியப் பெருங்கடல்ல ஆஸ்திரேலியாவோட கிறிஸ்துமஸ் தீவுல நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். அங்க மஞ்சள் பைத்திய எறும்பு (2022ல திண்டுக்கல் மாவட்டம் நத்தம் கரந்தமலை அடிவாரக் கிராமங்கள்ல ஆடு மாட்டை எல்லாம் படுத்தி எடுத்துச்சே அதே எறும்பு) கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்னுச்சு. பல வருஷம் விஷ இரை போட்டவங்க, 2016ல மலேசியாவுல இருந்து ஒரு குளவியைக் கொண்டு வந்து விட்டாங்க. அந்தக் குளவி எறும்பைத் தொடவே தொடாது, எறும்புக்கு இனிப்பு குடுக்கிற செதில் பூச்சியைத்தான் அழிக்கும். உங்க செம்பருத்தித் தொட்டிக்கும் கணக்கு அதேதான்.

தொட்டி மண்ணுக்குள்ளயே புத்து வெச்சிருந்தா, மண்ணு ரொம்ப நாளா உள்ள காய்ஞ்சு கிடக்குன்னு அர்த்தம். மேல ஊத்துற தண்ணி ஓரமா வழிஞ்சு போயிருக்கும். தொட்டியைத் தூக்கி பக்கெட் தண்ணில ஒரு மணி நேரம் முக்கி வைங்க, எறும்பு முட்டையைத் தூக்கிகிட்டு மேல வரும், ஓரத்துல ஒரு குச்சி சாய்ச்சு வெச்சா அது வழியா இறங்கிப் போயிடும். அப்புறம் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு மேல் மண்ணுல கலந்து ஈரம் காய விடாம பார்த்துக்கங்க. போரிக் பவுடரை மட்டும் தொட்டில கொட்டாதீங்க, அதுல இருக்கிற போரான் மண்ணுல கூடினா இலை ஓரம் கருகி செடியே போயிடும்.

கீரை விதையை செவ்வெறும்பு இழுத்துட்டுப் போகுதுன்னா அங்க ரவை உதவும், கொல்றதுக்கு இல்லை, பராக்கு காட்டுறதுக்கு. விதை தூவி லேசா மண்ணு மூடிட்டு, தொட்டியோட வெளி ஓரத்துல ரவையோ நொய்யோ தூவிடுங்க, அதைச் சுமக்கறதுலயே நாலு நாள் ஓடிடும், கீரை முளைச்சுடும். வீட்ல மாமரம் இருந்து அதுல இலையைத் தைச்சு கூடு கட்டுற முசுறு இருந்தா அதை விட்டுடுங்க, மரத்துக்கு வர்ற புழுவையும் வண்டையும் அது தின்னும், சீனாவுல பல நூறு வருஷமா ஆரஞ்சுத் தோட்டத்துக்கு இந்தக் கூட்டை விலைக்கு வாங்கிக் கட்டியிருக்காங்க. காய் பறிக்கிற அன்னைக்கு மட்டும் கிளைல சாம்பல் தூவிக்கலாம்.

கடைசியா குழந்தைக்கு. செவ்வெறும்பு கொட்டினா சோப்புப் போட்டுக் கழுவி துணில சுத்தின ஐஸ் வைங்க, மறுநாள் சின்னக் கொப்புளம் வந்தா உடைக்காதீங்க. மூச்சு திணறல், உதடு முகம் வீக்கம், உடம்பு முழுக்க தடிப்பு, குழந்தை துவண்டு போறது, இதுல ஒண்ணு வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துகிட்டு நிக்காம 108க்குப் பண்ணி உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.